வீட்டுலயே தைச்ச, சுவத்துல மாட்டுற பாக்கெட் வச்ச தொங்கு பை: உங்க அனுபவம் என்ன?

திருத்துறைப்பூண்டிக்காரி:
அக்கா தைச்சுக் கொடுத்த பை. அப்பாவோட பழைய வேட்டியை இரட்டையா மடிச்சு, மூணு வரிசை பாக்கெட். அப்பா பாய்லயே இருந்ததால கைக்கு எட்டணும்னு தாழ்வா மாட்டி, அடி வரிசையில கிரயப் பத்திரம் வச்சிருந்தோம். ஐப்பசி அடைமழையில வாய்க்கால் வடியாம வீட்டுக்குள்ள தண்ணி. கணுக்கால் அளவுதான். பையோட அடி ஓரம் மட்டும் தண்ணியைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. ட்ரங்குப் பெட்டியைக் கட்டில் மேல ஏத்துற அவசரம், பையை யாரும் பார்க்கல. விடிஞ்சு பார்த்தா ஈரம் அரை ஜாண் மேல ஏறியிருக்கு. பத்திரத்து முத்திரையோட ஊதா மை ஊறி, பாக்கெட்டுக்கு வெளிப்பக்கமே வட்டமா தெரியுது. எழுத்து தப்பிச்சது. ஆனா அக்கா வர்றப்ப எல்லாம் அந்தக் கறையைத் தடவிப் பார்க்கும், ஒண்ணும் பேசாது. அதான் எனக்குத் தாங்கல.

வேதாரண்யம் வாத்தியார்:
வேட்டித் துணியில பத்திரம் வைக்கலாமா தங்கச்சி? பருத்தி தண்ணியை மேல இழுக்கத்தான் செய்யும். எங்க வீட்டுப் பை உரச்சாக்கைக் கழுவித் தைச்சது. 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையைக் கடந்த விடியக்காலை. ஓடு பறந்து மழை நேரா சுவத்துல அடிக்குது. மூடி வச்சுத் தைச்ச பாக்கெட்டுல பையனோட மார்க் ஷீட் நனையவே இல்ல. மூடி இல்லாத பாக்கெட்டுல எல்லாம் குடம் மாதிரி தண்ணி நின்னுச்சு. என் மனைவி ஒவ்வொண்ணா சாய்ச்சு ஊத்தினதை இன்னும் மறக்க முடியல.

குடந்தை தையல்:
ஒரு அம்மா இறந்துபோன கணவரோட பேன்ட்டைக் கொண்டு வந்து, பாக்கெட்டைப் பிரிக்காம அப்படியே பையில வச்சுத் தைக்கச் சொன்னாங்க. தைச்சுக் கொடுத்ததும் அங்கேயே நின்னு அதுக்குள்ள கையை விட்டுப் பார்த்தாங்க. இதுதான் என் அனுபவம்.

மத்தபடி, சாக்கு வேணாம் சார். சன்னல் வெயில் படுற சுவர்னா நாளாக நாளாகப் பொடிப்பொடியா உதிரும். ஊசி போன ஓட்டையும் அடையாது, இழுக்க இழுக்க அந்த வரிசையிலயே கிழியும். கெட்டிப் பருத்தியே போதும், ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி நனைச்சுக் காயப்போட்டுருங்க, இல்லன்னா முதல் துவையல்ல சுருங்கிப் பாக்கெட் கோணிக்கும். பாக்கெட் துணியைப் பின்துணி அகலத்துக்கே வெட்டினா சீப்பு மட்டும்தான் நுழையும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ரெண்டு மூணு விரல் கூடுதலா விட்டு, அடி மூலையில ப்ளீட் (மடிப்பு) பிடிங்க. பாக்கெட் வாயை முதல்ல மடிச்சு அடிச்சுட்டு அப்புறம் பின்துணியில சேருங்க. வாய் முடியுற இடத்துல ரிவர்ஸ் தையல் கட்டாயம், கிழிசல் ஆரம்பிக்கிறது அங்கதான். கெட்டிப் பருத்திக்கு 16 நம்பர் ஊசி, ஜீன்ஸ் மடிப்புன்னா 18, தையலைக் கொஞ்சம் நீளமா வையுங்க. மேல ரெண்டு மூலையில மட்டும் மாட்டுறதுக்குக் காது வச்சா நடு தொய்யும். முழு அகலத்துக்கும் மடிச்சுத் தைச்சு மூங்கில் குச்சியோ பிவிசி பைப்போ நுழைங்க, பாரம் சமமா இறங்கும். டெல்டாவுல இருக்கோம், பையோட அடி தரையிலேருந்து ரெண்டு முழம் மேலயாவது நிக்கணும்.

மன்னை மருமகள்:
அண்ணே, அவங்க அப்பாவுக்குக் கை எட்டணும்னுதானே தாழ்வா மாட்டினாங்க? ரெண்டு முழம்னா பாய்ல கிடக்கிறவங்க என்ன செய்வாங்க?

எங்க வீட்டுல தண்ணி இல்ல, பூரான். அத்தை மூக்குக் கண்ணாடி எடுக்கக் கையை விட்டாங்க, வெளிய வந்த கையில மணிக்கட்டுக்கு மேல ஊர்ந்துக்கிட்டு இருக்கு. கத்தக்கூட இல்ல, கையை நீட்டினபடியே என்னைப் பார்த்தாங்க. நான் துடைப்பத்தால தட்டிவிட்டேன். அடுத்த நாளே பாக்கெட் முன்பக்கத்தை வெட்டிட்டு கொசுவலைத் துணி வச்சுத் தைச்சேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியுது, புழுங்கின வாடையும் இல்ல. வாத்தியார் ஐயா, உங்க மூடிக்கு வெல்க்ரோவா பட்டனா? பிரஸ் பட்டன் வச்சுப் பார்த்தேன், இந்த ஈரத்துல துருப்பிடிச்சுத் துணியெல்லாம் கறை.