டிஸ்னிலேண்ட் அனஹைம்: நடந்தே போகிற தூரத்தில் சுத்தமான, கட்டுப்படியாகிற ஹோட்டல் எது?

பீனிக்ஸ்வாசி:

வணக்கம். மார்ச்சில் பள்ளி விடுமுறைக்கு பீனிக்ஸிலிருந்து காரில் கலிஃபோர்னியாவில் இருக்கிற அனஹைம் போகிறோம். நாங்கள் இருவர், 7 வயசுப் பையன், 2 வயசுப் பொண்ணு, மாமியார், ஆக ஐந்து பேர். மாமியாருக்கு முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், மாடிப்படி ஆகாது. மூன்று இரவு தங்கல், நடுவில் இரண்டு நாள் பார்க். வரி எல்லாம் சேர்த்து ஒரு இரவுக்கு 220 டாலருக்குள் முடிக்கணும்.

மத்தியானம் பாப்பாவைத் தூங்க வைக்க அறைக்கு வந்துவிட்டு சாயங்காலம் மறுபடி போவதாகத் திட்டம். அதனால் ஷட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது, நடக்கிற தூரம்தான் வேணும்.

புக்கிங் தளத்தில் தேடினால் "டிஸ்னிலேண்டிலிருந்து 0.4 மைல்" என்று வரிசையாகக் காட்டுது. எதை நம்புவது? சுத்தம் விஷயமும் அப்படித்தான். ஒரே ஹோட்டலுக்கு ஒருத்தர் பத்துக்குப் பத்து போடுகிறார், அடுத்தவர் மூட்டைப்பூச்சி என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஹார்பர்தெரு:

அந்த 0.4 மைல் மேப்பில் நேர்கோடு போட்டு அளந்தது. ஒரு முனை ஹோட்டல், மறுமுனை பார்க்கின் நடுவில் எங்கேயோ ஒரு புள்ளி. பார்க்கைச் சுற்றி மதில் இருக்கு, நினைத்த இடத்தில் நுழைய முடியாது. வடக்கே பால் ரோட்டிலோ மேற்கே வால்நட் தெருவிலோ இருக்கிற ஹோட்டல், மதிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் வாசலுக்குச் சுற்றிக்கொண்டுதான் வரணும்.

நடந்து வருகிறவர்களுக்கு முக்கியமான வாசல் கிழக்குப் பக்கம், ஹார்பர் பொலிவார்டில். அங்கே பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே போனால் எஸ்பிளனேட் என்கிற பெரிய முற்றம். டிஸ்னிலேண்ட், பக்கத்துப் பார்க்கான கலிஃபோர்னியா அட்வெஞ்சர் இரண்டின் டிக்கெட் வாசலும் அதில் எதிரெதிரே இருக்கும். மேற்கே டவுன்டவுன் டிஸ்னி என்கிற கடைவீதி வழியாகவும் வரலாம். ஆனா அந்தப் பக்கம் பெரும்பாலும் டிஸ்னியின் சொந்த ஹோட்டல்கள், 220 டாலருக்கு ஆகாது.

ஹார்பரில் கதவு எண்ணைப் பார்த்தே தூரத்தைச் சொல்லிவிடலாம். தெற்கே போகப் போக எண் ஏறும். பார்க் வாசல் ஏறக்குறைய 1520க்கும் 1570க்கும் எதிரே வருது. கேமலாட் இன் 1520, டிராபிகானா இன் 1540, பெஸ்ட் வெஸ்டர்ன் பிளஸ் பார்க் பிளேஸ் இன் 1544, பார்க் வ்யூ இன் 1570. இந்த நாலும் ரோட்டைத் தாண்டினால் வாசல். வடக்கே ஃபேர்ஃபீல்ட் 1460, கோர்ட்யார்ட் 1420, ஹோவர்ட் ஜான்சன் 1380. தெற்கே காஸ்ல் இன் 1734, ஹயாட் ஹவுஸ் 1800, அதாவது கட்டெல்லா அவென்யூ பக்கம். இந்த இரட்டைப்படை எண்கள் எல்லாம் ரோட்டின் கிழக்குப் பக்கம், எப்படியும் ஹார்பரைக் கடக்கணும். வாசலுக்கு நேரே சிக்னலோட கிராசிங் இருக்கு, பயப்பட வேண்டாம்.

நேரக் கணக்கு: சாதாரண நடைக்கு ஒரு மைல் 20 நிமிஷம். ஸ்ட்ரோலர் (குழந்தையைத் தள்ளும் வண்டி), முழங்கால் வலி என்றால் 30 நிமிஷம் வைங்க. ஹோட்டல் அரை மைல் என்று எடுத்துக்கொண்டால், காலையில் போய், மத்தியானம் வந்து, திரும்பப் போய், ராத்திரி வருவதற்கே 2 மைல் ஆகிவிடும். பார்க்குக்குள் நடப்பது இதில் சேராது. உங்க குடும்பத்துக்குக் கதவு எண் 1380க்கும் 1600க்கும் நடுவில் மட்டும் தேடுங்க. மற்றதெல்லாம் "நடக்கிற தூரம்"தான், ஆனா உங்களுக்கில்லை.

கூகுள் மேப்பில் "டிஸ்னிலேண்ட்" என்று அடித்தால் புள்ளி எங்கே விழும் என்று சொல்ல முடியாது. எஸ்பிளனேட் முற்றத்தில் விரலை அழுத்தி நீங்களே குறி வைத்து, அங்கிருந்து ஹோட்டலுக்கு நடைவழி கேளுங்க. பழைய மோட்டல்கள் ரோட்டிலிருந்து பின்பக்கமாக நீளமா போகும். கடைசிக் கட்டடத்தில் அறை கொடுத்தால் இன்னும் இரண்டு மூணு நிமிஷம் கூடும்.

கணக்குப்பிள்ளை:

தூரத்தை அவர் சொல்லிவிட்டார், நான் பணத்தைச் சொல்கிறேன்.

அனஹைமில் ஹோட்டல் வரி 15 சதவீதம். அதன் மேல் சுற்றுலா மேம்பாட்டுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 17. உங்கள் 220ஐ 1.17ஆல் வகுத்தால் 188 டாலர். தளத்தில் வரிக்கு முந்தைய விலையாக 188க்கு மேல் தெரிந்தால் அது உங்கள் பட்ஜெட் இல்லை.

2024 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் கட்டாயக் கட்டணம் எதுவானாலும் விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதனால் ரிசார்ட் ஃபீ என்று ஹோட்டல்கள் கூடுதலாகப் போடும் கட்டணம் கடைசிப் பக்கத்தில் முளைக்கும் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனால் அரசு வரியை இன்னும் தனியாகக் காட்டலாம். பார்க்கிங் "விருப்பப்பட்டால்" என்ற வகையில் போவதால் அதுவும் அந்த விலையில் வராது. நீங்கள் காரில் வருகிறீர்கள், ஆகவே கட்டாயம் கேளுங்கள். பார்க்கிங் இரவுக்கு 20 டாலர் என்று வைத்துக்கொண்டால் உங்கள் உச்சவரம்பு 188லிருந்து 170க்கு இறங்கிவிடும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தள்ளிப்போய் மலிவாகத் தங்கி காரில் வந்தால் டிஸ்னி பார்க்கிங்குக்கு ஒரு நாளைக்கு 40 டாலருக்குக் குறையாது. இரண்டு நாளுக்கு 80. அதை மூன்று இரவில் பிரித்தால் இரவுக்கு ஏறக்குறைய 27 டாலர். அந்த அளவுக்குக் கூடுதலாகக் கொடுத்து ஹார்பரில் தங்கினாலும் நஷ்டம் கிடையாது. மத்தியானத் தூக்கம் லாபம்.

ஐந்து பேர் என்பதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு குயீன் கட்டில் போட்ட அறைக்குப் பெரும்பாலும் நான்கு பேர்தான் வரம்பு. 2 வயதுக் குழந்தையைக் கணக்கில் சேர்ப்பதா என்பது ஒவ்வொரு ஹோட்டலுக்கும் மாறும். தேடும்போதே 3 பெரியவர், 2 குழந்தை, வயது 7, 2 என்று போடுங்கள். நாலு என்று போட்டு விலையைக் குறைத்துக்கொண்டு போனால், ரிசப்ஷனில் இடமில்லை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, நிரம்பிய நாளில் மாற்று அறையும் இருக்காது. சோஃபா கட்டில் உள்ள சூட் அல்லது மினி சூட் பாருங்கள். மேலே சொன்ன கோர்ட்யார்டில் பங்க் கட்டிலோடு ஆறு பேர் தங்கலாம், நல்ல இடம், ஆனால் மார்ச்சில் உங்கள் விலைக்குக் கிடைப்பது கடினம்.

தேதியை முடிவு செய்யும் முன் அனஹைம் கன்வென்ஷன் சென்டர் நிகழ்ச்சி அட்டவணையைத் திறந்து பாருங்கள். பார்க்குக்குத் தெற்கே கட்டெல்லாவில்தான் அது இருக்கிறது. ஜனவரியில் NAMM என்கிற இசைக்கருவிக் கண்காட்சி, மார்ச்சில் எக்ஸ்போ வெஸ்ட் என்கிற இயற்கை உணவுப் பொருள் கண்காட்சி, வசந்தத்தில் வொண்டர்கான் என்கிற காமிக்ஸ் ரசிகர் மாநாடு என்று வரும்போது அதே அறையின் விலை எகிறும், பள்ளி விடுமுறையே இல்லாவிட்டாலும் கூட. ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகள் வெள்ளி, சனியைவிட மலிவு. உங்கள் மூன்று இரவையும் ஞாயிறில் தொடங்கினால் நல்லது.

ரத்து செய்யக்கூடிய விலையில் இப்போதே போட்டு வையுங்கள். பிறகு வாரம் ஒருமுறை பாருங்கள், குறைந்தால் புதிதாகப் போட்டுப் பழையதை ரத்து செய்யலாம். இருபது டாலர் மிச்சத்துக்காகத் திரும்பப் பெற முடியாத விலை வேண்டாம், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் முழுப் பணமும் போகும். செக்-இன்னில் கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் முன்வைப்புத் தொகையாக நிறுத்தி வைப்பது உங்கள் கணக்கிலிருந்தே, அது விடுபடச் சில நாள் ஆகும்.

சுத்தபத்தம்:

சுத்தத்துக்கு மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீங்க. வாசலுக்கு எதிரே இருக்கிற ஹோட்டலுக்கு "ரோட்டைத் தாண்டினால் பார்க்" என்பதற்கே பத்து போட்டுடுவாங்க, அறையைப் பற்றி ஒரு வரி இருக்காது. மதிப்புரைகளைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, கடைசி மூன்று மாசத்தை மட்டும் படிங்க. நாற்றம், பூசணம், எறும்பு, மூட்டைப்பூச்சி, கார்பெட், ஏசி, இந்த வார்த்தைகளை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்க. ஒரே குறையை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு வாரத்தில் சொன்னால் அது கட்டடத்தின் குறை. ஒருத்தர் மட்டும் சொன்னால் அந்த அறையோட குறையா இருக்கலாம். தங்கினவர்கள் போட்ட குளியலறைப் படங்களில் தொட்டியைச் சுற்றியுள்ள சிலிகான் பட்டையைப் பெரிசாக்கிப் பாருங்க. அது கறுத்திருந்தால் பராமரிப்பு எப்படி என்று தெரிந்துபோகும்.

"புதுப்பிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் ஃபோன் போட்டு எந்தக் கட்டடம், எந்த வருஷம் என்று கேளுங்க. பாதி மட்டும் புதுப்பித்து, படத்தை மட்டும் முழுசுக்கும் போடுவது வழக்கம். அதே ஃபோனில் லிஃப்ட் இருக்கா என்றும் கேட்டுடுங்க. ஹார்பரில் நிறைய இடங்கள் வெளித் தாழ்வாரத்தில் கதவு திறக்கிற இரண்டு மாடி மோட்டல்கள், எல்லாவற்றிலும் லிஃப்ட் கிடையாது. மாமியாருக்காகத் தரைத்தளம் கேட்டால், ரோட்டைப் பார்க்காத, நீச்சல் குளத்தை ஒட்டாத அறையாகக் கேளுங்க. தரைத்தளத்தில் எறும்பும் காலடிச் சத்தமும் கொஞ்சம் கூடுதல்தான், ஆனா ஸ்ட்ரோலருக்கு வசதி.

போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிஷ வேலை. பெட்டிகளைக் கட்டிலில் வைக்காம நேரே குளியல் தொட்டிக்குள் வைங்க. கட்டிலின் தலைமாட்டு மூலைகள் இரண்டிலும் விரிப்பை உருவி, மெத்தை ஓரத் தையலை விரலால் பிரித்து ஃபோன் டார்ச்சில் பாருங்க. பேனா மை ஒற்றியது போலக் கரும்புள்ளிகள், வெளிர் பழுப்புத் தோல் உரிகள், 5 மில்லிமீட்டர் அளவில் தட்டையான பூச்சி, இதில் எது இருந்தாலும் அந்த அறை வேண்டாம். புள்ளி மேல சந்தேகம் இருந்தால் ஈரத் துணியால் தேயுங்க. மூட்டைப்பூச்சிக் கழிவு என்றால் செம்பழுப்பாக இழுபடும். தலைமாட்டுப் பலகையின் இடுக்கு, பெட்டி வைக்கிற மடக்கு ஸ்டாண்டின் பட்டை, சோஃபா கட்டிலின் மடிப்பு, இதையும் விடாதீங்க. பெரும்பாலும் எல்லோரும் சோஃபா கட்டிலைப் பார்க்க மறந்து அதில்தான் குழந்தையைப் படுக்க வைக்கிறாங்க. அறை மாற்றித் தந்தால் பக்கத்து அறை, நேர் மேலே, நேர் கீழே இது மூணும் வேண்டாமென்று சொல்லிடுங்க. சுவர் வழியா பூச்சி அங்கேயும் வந்து சேரும்.

அடுத்து ஏசி. ஜன்னலுக்குக் கீழே சுவரில் பதித்த பெட்டி வகை. வந்தவுடன் முழு வேகத்தில் ஓட விடுங்க. முதல் நிமிஷம் தூசி வாடை வரும், போயிடும். ஈரத்துணி நாற்றம் விடாம வந்தால் உள்ளே தண்ணீர் வடிகிற தட்டில் பூசணம் பிடித்திருக்கு, வாசனை ஸ்ப்ரேயால் அது தீராது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ஒரு ஒற்றை டாய்லெட் பேப்பரை அதன் மேல் ஒட்டிப் பாருங்க. நின்றால் சரி, விழுந்தால் ஈரம் வெளியே போகலை, ஐந்து பேர் குளித்தால் அறை முழுக்கப் புழுங்கும்.

குறை இருந்தால் பெட்டியைப் பிரிக்கும் முன்னாடியே படம் எடுத்துக்கொண்டு ரிசப்ஷனுக்குப் போங்க. ஒரு ராத்திரி தங்கிவிட்டுச் சொன்னால் பேச்சு எடுபடாது.

பீனிக்ஸ்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. கதவு எண் விஷயம் ரொம்ப உபயோகம், பட்டியல் முப்பதிலிருந்து ஆறாகிவிட்டது. இன்னும் இரண்டு கேள்வி. மாமியாருக்கு வீல்சேர் பார்க்கில் வாடகைக்கு எடுத்தால் ஹோட்டல் வரை கொண்டு வரலாமா? அவர் சைவம், வெளிச்சாப்பாடு அதிகம் ஒத்துக்கொள்ளாது. அறையில் சோறு வைக்க முடியுமா?

ஹார்பர்தெரு:

பார்க் வீல்சேர் எஸ்பிளனேட் முற்றத்தைத் தாண்டி வெளியே வராது. அதனால் ஹோட்டலுக்கும் வாசலுக்கும் நடுவில் அது உதவாது. காரில் வருவதால் மடக்கு வீல்சேர் ஒன்றை பீனிக்ஸிலிருந்தே எடுத்து வந்துடுங்க, மத்தியானம் வந்து போக அதுதான் சுலபம். ஸ்ட்ரோலர் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்கணும். இழுக்கிற வேகன் வண்டியை உள்ளே விட மாட்டாங்க.

சமையலுக்கு: சாதாரண அறையில் குக்கர், அடுப்பு வைக்கப் பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை, புகை அலாரமும் தலைக்கு மேலே இருக்கும். தாளிப்பு நினைப்பே வேண்டாம். மைக்ரோவேவும் ஃப்ரிட்ஜும் அறையிலேயே இருக்கா என்று கேட்டுப் பதிவு பண்ணுங்க. சில இடத்தில் கேட்டால்தான் கொடுப்பாங்க. சமையலறையோட வேணுமென்றால் ஹயாட் ஹவுஸில் அந்த மாதிரி சூட் உண்டு, ஆனா கதவு எண் 1800, உங்க நடைக்குத் தூரம். மடக்கு வீல்சேர் இருந்தால் மட்டும் யோசிங்க.

வெளிச்சாப்பாட்டை பார்க்குக்குள் கொண்டுபோகலாம். புளிசாதம், தயிர்சாதம், சப்பாத்தி எல்லாம் சரி. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, குழந்தை உணவுப் புட்டிக்கு மட்டும் விலக்கு. உதிரி ஐஸும் உலர் ஐஸும் கூடாது, ஜெல் பேக் வைங்க. கூலர் பெட்டி 24க்கு 15க்கு 18 அங்குலத்துக்குள் இருக்கட்டும். ஒரு நாள் சூடா இட்லி தோசை வேணுமென்றால் ஆர்ட்டீசியாவில் பயனியர் பொலிவார்ட் முழுக்க இந்தியக் கடைகள்தான், அனஹைமிலிருந்து மேற்கே காரில் போகணும். சாயங்கால ட்ராஃபிக்கில் கிளம்பாதீங்க, போய்ச்சேர்ந்த நாள் மத்தியானமே முடிச்சிடுங்க.

கணக்குப்பிள்ளை:

ஒரு சேர்க்கை. செக்-இன் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு மணிக்குத்தான். பார்க்குக்குப் போகும் நாளிலேயே வந்து சேர்வதானால், அறை தயாராகாவிட்டாலும் காலையிலேயே காரை நிறுத்திப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டு வையுங்கள். கிளம்பும் நாளில் செக்-அவுட்டுக்குப் பிறகு கார் எத்தனை மணி வரை நிற்கலாம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். டிஸ்னி பார்க்கிங்கில் இரவு முழுக்கக் காரை விட முடியாது, ஆகவே மாற்று அங்கே இல்லை.