கர்ப்பகால நீரிழிவு – மைக்ரோ ஆர்.என்.ஏ: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வு முடிவைச் சொல்லுங்கள் (இணைய உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

பிளாஸ்மா
ரத்தப் பிளாஸ்மாவில் மிர்-16 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ (மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்.என்.ஏ), நோய்க்குழுவில் எட்டு மடங்கு கூடுதல். வரைபடம் அவ்வளவு அழகு. குழாய்களை வெள்ளைத் தாள்மேல் வரிசையாக வைத்ததும் குட்டு வெளிப்பட்டது: ஒப்பீட்டுக் குழுவின் பிளாஸ்மா வெளிர் மஞ்சள், நோய்க்குழுவினுடையது லேசான ரோஸ். ஒன்று புறநோயாளிப் பிரிவில் நேராக ஊசி குத்தி எடுத்தது. மற்றது வார்டில் கான்யுலா (ரத்தநாளத்தில் பொருத்தி வைத்த குழாய்) வழியாக இழுத்தது. வேகமாக இழுத்தால் சிவப்பணு உடையும், அதற்குள் மிர்-16, மிர்-451ஏ இரண்டும் கொட்டிக் கிடக்கின்றன. மிர்-23ஏ அப்படி ஏறாது. அதனால் 23ஏ-யின் சி.டி.யிலிருந்து (பி.சி.ஆர். என்ற நகலெடுப்புச் சோதனையில் சமிக்ஞை தென்படும் சுற்றின் எண்; எண் குறைந்தால் மூலக்கூறு அதிகம்) 451ஏ-யின் சி.டி.யைக் கழிக்க வேண்டும். 5-ஐத் தாண்டினால் சந்தேகம், 7-ஐத் தாண்டினால் அந்த மாதிரி வேண்டாம். அந்த ரோஸ் குழாய்களில் பெரும்பாலானவை 8-க்கு மேல்.

சுழலி
ரோஸ் நிறம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம். ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சும் 414 நானோமீட்டரில் உறிஞ்சல் 0.2-க்கு மேல் இருந்தாலே ஒதுக்கலாம், கண் அதைப் பிடிக்காது. இதே கோளாறின் மறுபக்கமும் உண்டு: மிர்-16-ஐ ஒப்பீட்டு மூலக்கூறாக (மற்றவற்றின் அளவை வகுத்துப் பார்க்கும் அளவுகோலாக) வைத்து வந்த தரவு ஒன்றில் மிர்-29ஏ, மிர்-222 எல்லாமே நோய்க்குழுவில் "குறைந்து" கிடந்தன. எதுவும் குறையவில்லை, வகுக்கும் எண்தான் உப்பியிருந்தது.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஈ.டி.டி.ஏ குழாய் மட்டும். இதுவும் ஹெப்பாரினும் ரத்தம் உறையாமல் தடுப்பவை, ஆனால் ஹெப்பாரின் பி.சி.ஆர்.-ஐயே தடுக்கும். இரண்டு முறை சுழற்றுங்கள். முதல் சுற்றில், வெள்ளையணுக்கள் தங்கும் அணுப்படலத்துக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டு எடுங்கள், இரண்டாவது வேகச் சுற்று தட்டணுக்களை இறக்கத்தான். தட்டணு மிஞ்சிய பிளாஸ்மாவை உறைய வைத்து உருக்கினால் அவற்றின் ஆர்.என்.ஏ-வும் கலந்துவிடும், பிறகு பிரிக்க வழியே இல்லை. சரிபார்ப்புக்காகச் சேர்க்கும் புழுவின் மிர்-39-ஐ வெறும் பிளாஸ்மாவில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள நொதிகள் நொடிகளில் தின்றுவிடும். நொதிகளை முடக்கும் சிதைப்புக் கரைசல் ஊற்றிய பிறகே சேர்க்க வேண்டும். அதுவும் பிரித்தெடுப்பு ஒழுங்காக நடந்ததா என்பதைத்தான் சொல்லும், ரத்தம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாது.

வில்லை
பிளாஸ்மாவை விடுங்கள், நஞ்சுக்கொடியில் இதைவிட மோசம். ஜி.ஏ.பி.டி.ஹெச்-ஐ ஒப்பீடாக வைத்து, குளுக்கோஸ் கடத்தி மரபணு இறங்கிவிட்டது என்று ஒரு முடிவு வந்தது. ஜி.ஏ.பி.டி.ஹெச் சர்க்கரையைச் சிதைக்கும் பாதையின் நொதி. சர்க்கரை நோயில் அதையே அளவுகோலாக வைப்பதா? ஒய்.டபிள்யூ.ஹெச்.ஏ.இசட், டி.பி.பி, எஸ்.டி.ஹெச்.ஏ என்ற வேறு ஒப்பீட்டு மரபணுக்கள் மூன்றையும் சேர்த்துச் சோதித்ததும் வித்தியாசம் காணாமல் போனது. தாயின் டெசிடுவாவை (கருப்பையின் உட்படலம்) சுரண்டி நீக்காமல் வெட்டிய துண்டுகளும் அதில் கலந்திருந்தன. குளிர்ந்த பி.பி.எஸ் உப்புக் கரைசலில் ரத்தம் போகும்வரை அலசி, அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் வெட்டினால்தான் பாதுகாப்புக் கரைசல் உள்ளே இறங்கும்.

24வாரம்
@வில்லை, துண்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது பிரசவத்தன்று எடுத்தது. நோய் கண்டறிவது 24–28 வாரத்தில். நடுவில் உணவுக் கட்டுப்பாடு, இன்சுலின், மெட்ஃபார்மின் எல்லாம் புகுந்துவிடுகின்றன. போதாததற்கு, ஒரு குழு வலி கண்டு பிரசவித்தது, மறு குழு திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால், தெரிவது வலியின் அழுத்தமாகவும் இருக்கலாம். நோய்க்கு முன்பே ஏதாவது மாறுகிறதா என்று பார்க்க, முதல் மூன்று மாதத்து ரத்தம் வேண்டும். உடல் பருமனைக் கணக்கில் ஈடுகட்டாத மைக்ரோ ஆர்.என்.ஏ பட்டியல் பெரும்பாலும் பருமனின் பட்டியல்தான்.

@பிளாஸ்மா, 7 என்ற வரம்பை எந்தக் குழாய் எந்தக் குழு என்று தெரிவதற்கு முன்பே எழுதி வைத்தார்களா? பார்த்த பிறகு ஒதுக்கினால் அதுவே ஒரு சாய்வு.

பிளாஸ்மா
@24வாரம், முன்பே எழுதி வைத்ததுதான். ஒதுக்கிய பிறகு மிர்-16 வித்தியாசம் போய்விட்டது. நின்றது 19-ஆம் குரோமோசோமிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ தொகுதியின் மிர்-518 வகை. அது நஞ்சுக்கொடியிலிருந்து வருவது, சிவப்பணு உடைவதால் ஏறாது. ஆனால் அது கர்ப்ப வாரத்தோடு நகரும். இரு குழுவும் ஒரே வாரத்தில் எடுத்தவையா என்று இப்போது சரிபார்க்கிறார்கள்.