கேலரியில் விற்ற படத்துக்குப் பணம் வரவில்லை, காலண்டரில் மட்டும் படம் வந்துவிட்டது. சட்டத்தில் வழி உண்டா?

கரந்தை வீட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர் கரந்தையிலிருந்து எழுதுகிறேன். மாமனார் காலத்திலிருந்து வீட்டில் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறோம். பலகையில் துணி ஒட்டி, சுக்கான் மாவு பூசித் தேய்த்து, மேடு வர மக்குப் பசை வைத்து, கல் பதித்து, ரேக்கு என்கிற தங்கத் தகடு ஒட்டுகிற வேலை. மாமனாருக்குப் பிறகு கோடு போடுவது முழுக்க நான்தான்.

சென்னையில் ஒரு கேலரி. பெயர் வேண்டாம். நவநீத கிருஷ்ணன், ராமர் பட்டாபிஷேகம், கஜலட்சுமி என்று மூன்று படங்களை அங்கே விற்கக் கொடுத்தேன். அவர்கள் கொடுத்த ரசீதில் படத்தின் அளவும் நான் சொன்ன விலையும் இருக்கின்றன. கீழே "விற்றால் 40% கமிஷன், விற்காவிட்டால் திருப்பப்படும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எத்தனை நாளுக்குள் என்று இல்லை.

கிருஷ்ணன் போன நவராத்திரிக்கு முன்பே விற்றுவிட்டது. விலை 85,000 ரூபாய் போட்டிருந்தேன், கமிஷன் போக எனக்கு 51,000 வர வேண்டும். முதலில் கேட்டபோது "கஸ்டமர் இன்னும் செட்டில் பண்ணவில்லை" என்றார்கள். அப்புறம் "டிஸ்கவுண்ட் கொடுத்துத்தான் தள்ளினோம்". இப்போது "கடை வாடகை ஏறிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள்". வாடகைக்கும் என் கிருஷ்ணனுக்கும் என்ன சம்பந்தம்? தங்கம் விற்கிற விலையில் ரேக்கு வாங்கவே நான் கடன் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதுகூடப் பரவாயில்லை. கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் சுவரில் ஒரு நகைக்கடைக் காலண்டர், அதில் என் கிருஷ்ணன்! வெண்ணெய் உருண்டையை நான் கொஞ்சம் பெரிதாகவே வைப்பேன். திரைச்சீலை மடிப்பில் ஒரு கிளி உட்கார்ந்திருக்கும், அது மாமனார் கற்றுக்கொடுத்தது. இரண்டும் அப்படியே இருக்கின்றன. கையெழுத்து இருந்த கீழ்மூலையை மட்டும் வெட்டிவிட்டார்கள். "சாமி படம்தானே, நாலு பேர் கும்பிடட்டும், விடு" என்கிறார் வீட்டுக்காரர். கும்பிடட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? நகைக்கடைக்காரர் அந்தப் படத்துக்கு யாருக்கோ பணம் கொடுத்திருப்பாரே, அது எங்கே போனது என்றுதான் கேட்கிறேன்.

நாத்தனார் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். நியூயார்க் மாநிலத்தில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது, படம் விற்ற காசை கேலரிக்காரர் தன் செலவுக்குத் தொடவே கூடாது என்கிறான். தமிழ்நாட்டில் அப்படி ஏதாவது உண்டா? கேஸ் என்றால் சென்னைக்கு அலைய வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குமாஸ்தா, கும்பகோணம்:

அம்மா, நான் வக்கீல் இல்லை. கும்பகோணம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் பிராது எழுதியே வாழ்க்கை போனது, அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

ஓவியர், கேலரி என்று பெயர் சொல்லித் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. காப்புரிமை, அதாவது காப்பிரைட், மத்திய அரசுப் பட்டியலில் இருக்கிறது, அதில் மாநிலம் கை வைக்க முடியாது. ஒப்பந்தமும் ஏஜென்சியும் பொதுப் பட்டியலில் வருகின்றன. அதனால் நியூயார்க் மாதிரி ஒன்றை நம் சட்டசபை கொண்டுவர நினைத்தால் வழி இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆளில்லை. நெல் விலைக்கு ரோட்டை மறிக்க ஆள் வரும், ரேக்கு ஒட்டுகிறவருக்கு யார் வருவார்?

ஆனால் நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. அந்த ரசீதில் "கமிஷன்" என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் உங்கள் பலம். கமிஷனுக்கு விற்றுத் தருகிறவர் உங்கள் ஏஜெண்ட். விற்கும் வரை படம் உங்களுடையது. விற்றபின் கமிஷன் போக மிச்சக் காசு உங்களுடையது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இது இருக்கிறது. கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 213ஆம் பிரிவு. உங்களுக்காக வாங்கிய பணத்தை உங்களிடம் கொடுக்க வேண்டும் என்பது 218. நீங்கள் சொன்னபடி நடக்காமல் நஷ்டம் வந்தால் ஏஜெண்ட் ஈடுகட்ட வேண்டும் என்பது 211. ரசீதில் 85,000 என்று விலை இருக்கும்போது உங்களைக் கேட்காமல் டிஸ்கவுண்ட் கொடுத்திருந்தால் அது அவர் தலையில்தான் விழ வேண்டும். கமிஷனைப் பிடித்துக்கொள்ளலாம், கடை வாடகையைப் பிடிக்க முடியாது.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால் ரசீதின் பிற்பாதியைப் பிடிப்பார். "விற்காவிட்டால் திருப்பப்படும்" என்றால் இது ஏஜென்சி இல்லை, பிடித்தால் வைத்துக்கொள்வது பிடிக்காவிட்டால் திருப்புவது என்ற ரகம் என்பார். 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 24ஆம் பிரிவு அதைப் பற்றியது. அப்படிச் சரக்கை வாங்கியவர் நியாயமான காலத்துக்குமேல் திருப்பாமல் வைத்திருந்தால் அது அவருக்கே விற்றதாக ஆகிவிடும். கேட்க நமக்குச் சாதகம் மாதிரி இருக்கும். ஆனால் அப்புறம் கடைக்காரருக்குக் கடன் கொடுத்த பத்துப் பேரில் நீங்களும் ஒருவர், கடை நொடித்துப்போனால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால் வக்கீல் நோட்டீஸில் "ஏஜெண்ட்", "கமிஷன்" என்றே எழுதச் சொல்லுங்கள். வாட்ஸப்பில் "குறைந்தபட்சம் என்ன விலைக்குக் கொடுக்கலாம்?" என்று அவர்கள் எப்போதாவது கேட்டிருந்தால் அழிக்காமல் வையுங்கள், ஏஜெண்ட்தான் அப்படிக் கேட்பான். கோர்ட்டில் அதைக் காட்ட, போன் யாருடையது, எப்படி எடுத்தது என்று ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டியிருக்கும். வக்கீலுக்குத் தெரியும்.

போலீஸுக்குப் போகலாமா என்று யாராவது கிளப்புவார்கள். ஒப்படைத்ததைக் கையாடினால் நம்பிக்கை மோசடிதான், குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 316ஆம் பிரிவு. ஆனாலும் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். முதலில் நோட்டீஸ். பணம் கேட்டு வழக்குப் போட மூன்று வருஷக் கெடு இருக்கிறது, இழுத்தடிக்க விடாதீர்கள்.

இனி காலண்டர். படத்தை விற்றால் படம்தான் போகும், அதை அச்சடிக்கும் உரிமை அதோடு சேர்ந்து போகாது. உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தில் கையெழுத்து வேண்டும் என்கிறது 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: தவழும் கிருஷ்ணன் என்ற உருவம் ஊர்ச் சொத்து, அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. நீங்கள் போட்ட கோடு, அந்த வெண்ணெய், அந்த மடிப்பு, இவை சேர்ந்த படம்தான் உங்களுடையது. கிளியை மாமனார் கற்றுக்கொடுத்தார் என்று சபையில் சொல்லிவிட்டீர்கள், பரவாயில்லை, இந்தப் படத்தை வரைந்தது நீங்கள்தானே.

கையெழுத்தை வெட்டியதற்கு 57ஆம் பிரிவு. உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டாலும் "இது என் படைப்பு" என்று சொல்லும் உரிமை போகாது. டில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டு நாசமாக்கினார்கள். 2005இல் டில்லி உயர்நீதிமன்றம் சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் நஷ்டஈடும் போட்டது. எதிர்த்தரப்பு மத்திய அரசு. அதற்குமுன் உங்கள் கேலரி எம்மாத்திரம்?

அலைச்சல் பற்றிக் கேட்டீர்கள். காப்புரிமை வழக்கை நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்டக் கோர்ட்டிலேயே போடலாம், 62ஆம் பிரிவு. காலண்டர் வழக்குக்குத் தஞ்சாவூரை விட்டு நகர வேண்டாம். பணத்துக்கான வழக்கு அப்படியில்லை, அது பெரும்பாலும் சென்னைக்கு இழுக்கும்.

சுவாமிமலை மெழுகு:

அக்கா, குமாஸ்தா ஐயா சொன்னது வந்த பிறகு பார்க்கிற வைத்தியம். நான் வராமல் இருக்கச் செய்வதைச் சொல்கிறேன். நாங்கள் சிலை வார்க்கிறவர்கள். மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் பூசி, உலோகம் ஊற்றி, மண்ணை உடைத்தால் ஒரு சிலைதான் வரும். இரண்டாவது வேண்டுமானால் மெழுகிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதனால் ஒன்று போனால் ஒன்று போனதுதான்.

கடைக்காரர் ரசீதை நான் நம்புவதில்லை, என் சலானில் அவர் கையெழுத்து வாங்குவேன். உயரம், எடை, நாலு பக்கமும் எடுத்த போட்டோ, குறைந்தபட்ச விலை, கமிஷன், 90 நாளில் விற்காவிட்டால் அவர் செலவில் திரும்பி வர வேண்டும், விற்றால் 15 நாளில் பில் நகலோடு பணம். "போட்டோ எடுத்து விளம்பரம் செய்யலாம், வேறெதற்கும் அச்சடிக்கக் கூடாது" என்று தனியாக ஒரு வரி. சேதமானால் யார் பொறுப்பு என்பதும் இருக்கும். ஒருமுறை ஒரு கடையில் நடராஜரைச் சுற்றியுள்ள திருவாசி வளையத்தில் இரண்டு சுடர் உடைந்து, "வரும்போதே அப்படித்தான்" என்று சாதித்தார்கள். போட்டோவைக் காட்டியதும் பேச்சு நின்றது.

தஞ்சாவூர் ஓவியத்துக்கும் எங்கள் சிலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது ஊர்ப் பெயரைக் காக்கும். அச்சடித்த தாளில் கல்லை ஒட்டி "தஞ்சாவூர் ஓவியம்" என்று விற்கிறவனைப் பிடிக்க உதவும். உங்கள் கிருஷ்ணனைத் திருடினவனைப் பிடிக்க உதவாது. ஆனாலும் அந்தக் குறியீட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பெயரைப் பதிந்து வையுங்கள், வாங்குகிறவர் கேட்கிறார்.

திருவையாறு டூ குவீன்ஸ்:

உங்கள் நாத்தனார் மகன் சொன்னது சரி, பாதி. நான் இருப்பது நியூயார்க்கில்தான். இங்கே கலை, பண்பாட்டு விவகாரச் சட்டம் என்று ஒன்று, அதில் 12.01 என்ற பிரிவு. ஓவியர் விற்கக் கொடுத்த படம், கேலரி ஓவியருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் டிரஸ்ட் சொத்து, விற்ற பணமும் அப்படியே. கேலரி திவாலானாலும் அதன் கடன்காரர்கள் அந்தப் படத்தைத் தொட முடியாது. ஓவியரைக் கையெழுத்துப் போடவைத்து இந்த உரிமையை மொத்தமாகப் பறிக்கவும் முடியாது, அவரே எழுதி விட்டுக்கொடுத்தாலும் 12 மாதத்தில் விற்ற பணத்தில் முதல் 2,500 டாலருக்கு அது செல்லாது. 2012 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தைக் கலந்து செலவு செய்தால் குற்ற வழக்கே வரும்.

ஆனால் இது வாஷிங்டன் போட்ட சட்டம் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் அச்சுப் பிரதி விற்றால் எத்தனை பிரதி, ஓவியர் கையெழுத்திட்டாரா, மூலத் தகடு அழிக்கப்பட்டதா என்று சான்றிதழ் தர வேண்டும். சென்னையில் நடந்ததற்கு இவை எதுவும் பொருந்தாது. என்றைக்காவது இங்குள்ள கேலரிக்குப் படம் அனுப்பினால், ஒப்பந்தத்தில் "நியூயார்க் சட்டம் பொருந்தும்" என்று எழுதிக் கேளுங்கள்.

நம் ஊர் சட்டம் முந்திக்கொண்ட இடமும் ஒன்று இருக்கிறது. படத்தை வாங்கியவர் மறுபடி விற்றால் ஓவியருக்குப் பங்கு. கலிஃபோர்னியா 1977 முதல் 5 சதவீதம் என்று கொண்டுவந்தது, 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது மத்திய காப்புரிமைச் சட்டத்தோடு மோதுகிறது என்று கிட்டத்தட்ட முழுவதையும் செல்லாததாக்கிவிட்டது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவில் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் 10 சதவீதம் வரை கேட்கலாம் என்று இருக்கிறது. விற்றது நமக்குத் தெரிய வேண்டுமே என்பது வேறு கதை.

கரந்தை வீட்டுக்காரி:

மூன்று பேருக்கும் நன்றி. வாட்ஸப்பில் தேடினேன், "லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க மேடம், பார்ட்டி உட்கார்ந்திருக்காங்க" என்று அவர்களே அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். பட்டாபிஷேகமும் கஜலட்சுமியும் அவர்களிடமே மாட்டிக்கொண்டிருக்கின்றன. முதலில் நோட்டீஸா, முதலில் படமா? அப்புறம், ஒருவர் கேட்டு முன்பணம் கொடுத்து வரையச் சொன்னால் அதற்கும் இதே உரிமை உண்டா?

குமாஸ்தா, கும்பகோணம்:

இரண்டாவது முதலில். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அவர்தான் முதல் உரிமையாளர், 17ஆம் பிரிவு. 53ஏ பங்கும் அதோடு போய்விடும், 57 மட்டும் நிற்கும். அதனால் ஆர்டர் வாங்கும்போது "படம் உங்களுக்கு, அச்சு உரிமை எனக்கு" என்று ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

நோட்டீஸ் அப்புறம். பெட்டியும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஆளோடு போய், "வேறு ஒரு பார்ட்டி பார்க்கக் கேட்கிறார்" என்று சொல்லி இரண்டு படத்தையும் இறக்கி வாங்குங்கள். திருப்பிக் கொடுத்தோம் என்று எழுத அவர்கள் ரசீதின் அசலைக் கேட்பார்கள். ஜெராக்ஸில் எழுதிக் கொள்ளச் சொல்லுங்கள், அசல் கையை விட்டுப் போகக் கூடாது. கிருஷ்ணன் கணக்கு அதில்தான் இருக்கிறது.