பள்ளி நூலகத்தை மறுபடி அடுக்க வேண்டும்: டியூவி எண்ணா, கலர் ஸ்டிக்கரா?

தமிழ் மிஸ்:

வணக்கம். பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். இந்த ஆண்டு வகுப்புகளோடு நூலகப் பொறுப்பும் என் தலையில் விழுந்திருக்கிறது. தனியாக நூலகர் கிடையாது. ஏறக்குறைய மூவாயிரம் புத்தகங்கள். எல்லாமே கண்ணாடிக் கதவு போட்ட பீரோக்களில், பூட்டுக்குள். வரிசை என்று பார்த்தால் வாங்கிய வரிசைதான். பதிவேட்டில் என்ன எண்ணோ அந்த எண்படி அடுக்கியிருக்கிறார்கள். பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் முதல் பீரோவில் இருக்கிறது, இன்னொன்று கடைசி பீரோவில். "மிஸ், பேய்க்கதை இருக்கா?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை வந்து கேட்டால், இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரிவதில்லை.

ஆறு முதல் பன்னிரண்டு வரை படிக்கிறார்கள். விடுமுறையில் எல்லாவற்றையும் கீழே இறக்கி மறுபடி அடுக்கலாம் என்றிருக்கிறேன். டியூவி எண் (பொருள்வாரியாகப் புத்தகங்களைப் பிரிக்கும் எண்) போட வேண்டுமா, கலர் ஸ்டிக்கர் போதுமா? கம்ப்யூட்டரில் ஏற்றுவதானால் எதில் ஏற்றுவது? நூலக அறிவியல் படித்தவள் இல்லை, கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள்.

அலமாரித் தாத்தா:

டீச்சர், முதலில் அந்தப் பூட்டு. அதைக் கழற்றாமல் டியூவி போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். கையில் எடுத்து, நாலு பக்கம் புரட்டி, பிடிக்கவில்லையென்று திரும்ப வைக்க முடிந்தால்தான் பிள்ளைகள் தேடவே ஆரம்பிப்பார்கள். எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். அவரும் கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் நூலகரானவர், அதனால் நீங்களும் தைரியமாக இறங்கலாம். கண்ணாடிக் கதவைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், இல்லையென்றால் திறந்தபடி கட்டி வையுங்கள். "தொலைந்தால் யார் பொறுப்பு?" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவேட்டு எண்ணில் கை வைக்காதீர்கள். அது புத்தகத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி, ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். ஆனால் புத்தகம் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொல்ல அது உதவாது. அதற்கு வேறு எண் வேண்டும், அது முதுகில் ஒட்டப்பட வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. என் கட்சி இது: தகவல் நூல்களுக்கு டியூவி போடுங்கள், கதைகளுக்குப் போடாதீர்கள்.

மெல்வில் டியூவி 1876-இல் வெளியிட்ட முறையில் எல்லாப் பொருளும் 000 முதல் 999 வரை பத்துப் பெரும் பிரிவுகளில் அடங்கும். 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 700 கலையும் விளையாட்டும், 900 வரலாறும் புவியியலும். பள்ளிக்கு மூன்று இலக்கமே தாராளம். 523 வானியல், 598 பறவைகள், அதையொட்டி 599 பாலூட்டிகள், 796 விளையாட்டு. நெரிசலாக இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம்: 567.9 டைனோசர், 398.2 நாட்டுப்புறக் கதை. இந்த இரண்டு எண்ணையும் பிள்ளைகள் நீங்கள் சொல்லிக்கொடுக்காமலே மனப்பாடம் செய்துவிடுவார்கள், பாருங்கள்.

இதில் ஒரு கோணல் உண்டு. ஓநாய் 599-இல் இருக்கும், வளர்ப்பு நாய் 636-இல் போய் உட்காரும். டியூவி கணக்கில் நாய் வளர்ப்பு என்பது வேளாண்மையைச் சேர்ந்தது. பிள்ளைக்கு இது அநியாயமாகத்தான் படும். 599 தட்டில் ஒரு அட்டையைச் செருகி "நாய், பூனை, மாடு வேண்டுமா? 636-க்குப் போ" என்று எழுதி வைத்தால் தீர்ந்தது.

கதைகளுக்கு வருவோம். டியூவியில் தமிழ் இலக்கியம் 894.811. கவிதைக்கு அதன் பின்னால் ஒரு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3. அதாவது உங்களிடமுள்ள தமிழ் நாவல், சிறுகதை மொத்தமும் 894.8113 என்ற ஒரே எண்ணுக்குள் போய்விடும். நூலகத்தில் பாதி ஒரே எண்ணில் இருந்தால் அந்த எண் எதற்கு? இதைவிடத் தொல்லை மொழிபெயர்ப்பு. ருஷ்யக் கதை தமிழில் இருந்தாலும் 891.73-க்குப் போக வேண்டும், ஆங்கிலக் கதை 823-க்கு. கதை கேட்டு வரும் பிள்ளை மூலமொழி என்னவென்று விசாரித்துக்கொண்டா வருகிறது? எல்லாக் கதைகளையும் ஒரே இடத்தில் வையுங்கள். முதுகில் மேலே "க" என்று போட்டு, கீழே ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு எழுத்து. அவ்வளவுதான்.

ஆசிரியர் பெயரில் இனிஷியலைக் கணக்கில் எடுக்காதீர்கள், பெயரை எடுங்கள். புனைபெயரில் எழுதியவரென்றால் புனைபெயர்தான், ஏனென்றால் அட்டையில் அதுதான் இருக்கிறது. அப்புறம் அ, ஆ, க, ங என்று தமிழ் நெடுங்கணக்கு வரிசை. கிரந்த எழுத்துகள் எல்லாம் கடைசியில். தமிழ் மிஸ்ஸுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

லேபிள் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், அடியிலிருந்து மூன்று செ.மீ. என்று ஓர் அட்டைத் துண்டை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். இல்லையென்றால் கண் மேலும் கீழும் அலைந்து தலைவலிதான் மிஞ்சும். லேபிளின் மேல் அகலமான செலோடேப். தட்டை முழுக்க நிரப்பாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். இடுக்கிப் பிடித்திருக்கும் புத்தகத்தைப் பிள்ளைகள் முதுகின் உச்சியில் விரல் போட்டு இழுப்பார்கள். முதலில் கிழிவது அந்த இடம்தான்.

பலரும் கவனிக்காத ஒன்று: நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள். பதினாறு பக்கம், இருபத்து நாலு பக்கம் என்று வருமே, அவற்றுக்கு முதுகே கிடையாது. அலமாரியில் செருகினால் காணாமல் போன மாதிரிதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விரும்பி எடுப்பதோ அவற்றைத்தான். அவற்றை மட்டும் தனியாகப் பிரித்து, முன்னட்டை தெரிகிற மாதிரி ஆழமில்லாத பெட்டிகளில் நிறுத்துங்கள், அல்லது சுவரில் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் தொங்க விடுங்கள். அங்கே எந்த வரிசையும் வேண்டாம். கலைந்துகொண்டே இருக்கும், கலையட்டும்.

பேய்க்கதைக்கு மட்டும் கலர் ஸ்டிக்கர் நல்ல யோசனை. கதைகள் "க" வரிசையிலேயே இருக்கும், பேய் வரும் கதைகளுக்கு முதுகில் ஒரு கறுப்புப் பொட்டு. துப்பறியும் கதைக்கு ஒரு நிறம், சிரிப்புக்கு ஒரு நிறம். நாலைந்துக்கு மேல் போகாதீர்கள்.

கணக்குப் புலி:

தாத்தா சொல்வது சரி, ஆனால் கலரை இவ்வளவு சுருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எங்கள் பள்ளியில் டியூவியின் பத்துப் பிரிவுக்கும் பத்து நிறப் பட்டை ஒட்டியிருக்கிறோம். எண்ணைப் படிக்கத் தயங்கும் பிள்ளைகூட "பச்சைத் தட்டு" என்றால் நேராகப் போய் நிற்கிறது. திரும்ப அடுக்கும் மாணவர்களுக்கும் சுலபம், சிவப்புக்கு நடுவில் ஒரு பச்சை இருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஆண் பிள்ளைகளில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அதனால் பட்டையின் மேல் 5, 9 என்று பிரிவின் முதல் இலக்கத்தைப் பெரிதாக அச்சடித்துவிடுங்கள்.

"இது எட்டாம் வகுப்புக்கு", "இது எளிய நிலை" என்று மட்டும் முதுகில் ஒட்டாதீர்கள். பத்தாம் வகுப்புப் பையன் தனக்கு வருகிற எளிய புத்தகத்தை மற்றவர் முன்னால் எடுக்க மாட்டான்.

கோட் எழுதுபவன்:

கம்ப்யூட்டர் பற்றி நான் சொல்கிறேன். நூலக மென்பொருள் என்றால் கோஹா இருக்கிறது, இலவசம், திறந்த மூலம், நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் ஓட ஆரம்பித்தது. பெரிய நூலகங்களே பயன்படுத்துகின்றன. ஆனால் சர்வர், பேக்கப், அப்டேட் என்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் மூவாயிரம் புத்தகத்துக்கு எக்செல் மாதிரி ஒரு விரிதாளே போதும்: பதிவேட்டு எண், தலைப்பு, ஆசிரியர், முதுகு எண், பொருள், ஒரு குறிப்புக் கட்டம். பொருள் கட்டத்தில் கையை நீட்டி எழுதுங்கள், தேடும்போது அதுதான் கைகொடுக்கும்.

இரண்டு விஷயம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யாதீர்கள், யூனிகோடில் மட்டும். பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலில் யூனிகோடில் தேடினால் எதுவும் கிடைக்காது. அடுத்தது, யூனிகோடில் எழுத்துகளின் குறியெண் (கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்) வரிசை நெடுங்கணக்கு வரிசை இல்லை. ன, ந-வுக்கு அடுத்தே வரும். ற, ர-வுக்கு அடுத்து. வ போய் ல, ள, ழ எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும். ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் நுழைந்துவிடும். சில மென்பொருள் தமிழ் வரிசை தெரிந்து சரியாக அடுக்கும், சில குறியெண்ணை மட்டும் பார்க்கும். அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தமிழ் மிஸ்:

எல்லோருக்கும் நன்றி. கதவைத் திறந்து வைக்கத் தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டார், இரண்டு பீரோவுக்கு மட்டும், சோதனையாக. இப்போது புத்தகம் கொடுப்பது ஒரு பெரிய நோட்டில். பெயர், வகுப்பு, புத்தகம், தேதி, கையெழுத்து. மதிய இடைவேளையில் நாற்பது பேர் வரிசையில் நின்றால் பாதிப் பேருக்குள் மணி அடித்துவிடுகிறது. இதற்கு வழி உண்டா?

அலமாரித் தாத்தா:

இரண்டு பீரோவா? நல்லது, கதையையும் 500-ஐயும் அதில் வையுங்கள். மற்றதை அவர்களே திறக்கச் சொல்வார்கள்.

நோட்டை மூடுங்கள். பிரவுன் முறை என்று பழைய முறை ஒன்று இருக்கிறது, மின்சாரம்கூட வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் ஒரு சின்னப் பை ஒட்டி, அதில் பதிவேட்டு எண்ணும் தலைப்பும் எழுதிய ஒரு சீட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு அட்டைப் பை. புத்தகம் எடுத்தால் சீட்டை உருவி, பிள்ளையின் பைக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதி எழுதிய தடுப்பட்டைக்குப் பின்னால் பெட்டியில் போட வேண்டியது. புத்தகத்தின் தேதித் தாளில் ஒரு முத்திரை. எழுதுவதே இல்லை. புத்தகம் திரும்பியதும் சீட்டு புத்தகத்துக்கு, பை பிள்ளைக்கு. யார் கெடு தாண்டினார்கள் என்று பார்க்கப் பெட்டியின் முன்பகுதியைப் பார்த்தாலே போதும்.

கணக்குப் புலி:

நாங்கள் நியூவார்க் முறை. புத்தகச் சீட்டிலேயே வாங்கியவரின் பெயரும் தேதியும் எழுதிவிடுவோம். எழுத நேரம் ஆகும்தான், ஆனால் அதில் ஒரு ருசி இருக்கிறது. "இதை அந்த அண்ணனே படிச்சிருக்காரா" என்று சீட்டைப் பார்த்துவிட்டுப் புத்தகம் எடுக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! விளம்பரமே வேண்டாம்.

அலமாரித் தாத்தா:

புலி சார், கால்பந்துப் புத்தகத்துக்கு அது சரி. வயதுக்கு வரும்போது உடம்பில் ஏற்படும் மாற்றம் பற்றிய புத்தகம், மன அழுத்தம் பற்றிய புத்தகம், திக்குவாய் பற்றிய புத்தகம், இதெல்லாம் என்ன ஆகும்? தன் பெயர் அந்தச் சீட்டில் நிரந்தரமாக இருக்கும் என்று தெரிந்தால் தேவைப்படுகிற பிள்ளை அதைத் தொடாது. பிரவுன் முறையில் புத்தகம் திரும்பிய நிமிடம் தடயமே இருக்காது. எனக்கு இது ஒன்றே போதும் அதைத் தேர்ந்தெடுக்க. படித்தவர்கள் பெயர் தெரிய வேண்டுமென்றால் ஒரு பலகை வையுங்கள், விரும்புகிறவர்கள் தாங்களே எழுதட்டும்.

டீச்சர், இன்னொன்று. "சயின்ஸ் புக் வேணும் மிஸ்" என்று வருவார்கள். உடனே 500-ஐக் கைகாட்டிவிடாதீர்கள். "எதுக்குடா கண்ணு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். எரிமலை மாதிரி செய்யணும் என்பான். அப்போது அவனுக்கு வேண்டியது 551. அடுத்தவளிடம் கேட்டால் ராக்கெட் என்பாள், அது 500-இலேயே இல்லை, 629-இல் இருக்கிறது. இரண்டு பேரையும் அலமாரி வரை கூட்டிப்போய் எண்ணை விரலால் தொட்டுக் காட்டுங்கள், எடுத்துக் கொடுக்காதீர்கள். மறுமுறை அவர்களே போவார்கள், வரிசையும் குறையும்.

தமிழ் மிஸ்:

சீட்டு வெட்டக் கைத்தொழில் மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள் என்று சொல்லும் புத்தகம் ஏழெட்டு இருக்கிறது. வைக்கலாமா?

அலமாரித் தாத்தா:

2006-இல் புளூட்டோவைக் குறுங்கோளாக்கிவிட்டார்கள், அதற்கு முந்தியவை 523-இல் இருக்கக் கூடாது. நேரே பழைய பேப்பருக்கும் போடாதீர்கள், பதிவேட்டில் "நீக்கம்" என்று தேதி போட்டு, தலைமை ஆசிரியர் கையெழுத்து வாங்கிவிட்டு எடுங்கள். நல்ல படங்கள் இருந்தால் வெட்டி வகுப்புகளுக்குக் கொடுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியரிடம் தள்ளிவிடலாம். எது மாறியது, ஏன் மாறியது என்று பிள்ளைகளைக் கொண்டே கண்டுபிடிக்க வைக்க அவருக்கு உதவும்.