விலகிச் சென்ற ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் உங்கள் உலகில் மீண்டும் வந்ததுண்டா?

இருபதுமுகப் பகடை:

ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசிக் கதையை வளர்க்கும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் நான் டிஎம்மாக (கதையை நடத்துபவராக) நடத்திவரும் உலகம் ஒன்றே, ஆட்டக்காரர்கள்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள். வேலை, திருமணம், இடமாற்றம் என்று ஒவ்வொருவராக விலகினாலும், அவர்களுடைய பாத்திரங்கள் அந்த உலகத்தில் செய்தவை செய்தவையாகவே நிற்கின்றன. முதல் குழுவில் ஒருவர் ஆடிய குள்ளர் இனத்துக் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் செய்யும் குரு), கொள்ளைநோய் பரவிய துறைமுக நகரம் ஒன்றைக் காப்பாற்றியவர். பின்னாளில் புதிய குழு அதே நகரத்துக்கு வந்தபோது, பெரிய கோயிலின் தலைமைக் குருவாக அவரையே நிறுத்தினேன். புதியவர்களுக்கு அவர் இன்னுமொரு என்பிசி, டிஎம் பேசவைக்கும் துணைப்பாத்திரம். முதல் குழுவிலிருந்து எஞ்சியிருந்த ஆட்டக்காரர் மட்டும், அந்தக் குரு மருந்துக்குக் காணிக்கை கேட்டவுடன், "அவன் நோயாளியிடம் கைநீட்டுகிற ஆள் இல்லை" என்று எதிர்ப்புத் தெரிவித்தார். நீண்ட காலப் பதவி யாரையும் மாற்றும் என்ற என் வாதத்தை அவர் ஏற்கவில்லை. கடைசியில் விலகிச் சென்ற நண்பருக்கே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டோம். தன் கிளெரிக் எந்தப் பதவியிலும் அமர்ந்திருக்கவே மாட்டார் என்றும், அடுத்த நோய் எங்கே பரவுகிறதோ அங்கே கப்பலேறியிருப்பார் என்றும் அவர் பதில் அனுப்பினார். அது நான் எழுதிவைத்திருந்ததைவிட நல்ல கதையாக இருந்ததால், கோயிலில் இருப்பவர் அவருடைய பெயரைச் சொல்லிக் காசு பறிக்கும் போலி என்று மாற்றினேன். அடுத்த சில அமர்வுகள் அந்தப் போலியைத் தோலுரிப்பதிலேயே ஓடின. உங்கள் மேசைகளில் இப்படி ஏதும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

கிரேஹாக்வாசி:

நீங்கள் கண்டுபிடித்த அந்தப் போலி, இந்த விளையாட்டின் மிகப் பழைய உலகங்களில் ஒன்றிலும் வந்துபோனவர்தான். இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1972 முதல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் தம் பிள்ளைகளையும் நண்பர்களையும் கூட்டிவைத்து நடத்திய கிரேஹாக் என்ற உலகத்து ஆட்டத்தின் பாத்திரங்களே இன்றைய விதிநூலின் மந்திரப் பெயர்களில் நிற்கின்றன. டென்சரின் மிதக்கும் தட்டு என்ற மந்திரம் கைகாக்ஸின் மூத்த மகன் எர்னஸ்ட் ஆடிய மந்திரவாதியுடையது. மெல்ஃபின் அமில அம்பு இன்னொரு மகனான லூக் ஆடிய எல்ஃபினுடையது. என் மேசையில் பல மாதங்களாக அந்தத் தட்டில் புதையலை ஏற்றி இறக்கிய ஒருவரிடம், டென்சர் என்பது ஒரு சிறுவன் உண்மையிலேயே ஆடிய பாத்திரம் என்று சொன்னபோது அவர் நம்ப மறுத்தார்.

கைகாக்ஸ் 1980களின் நடுவில் விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தை விட்டு விலகினார். கிரேஹாக் உலகமோ நிறுவனத்திடமே தங்கிவிட்டது. 1991இல் வெளிவந்த கிரேஹாக் போர்கள் என்ற பெட்டித் தொகுப்பில், ரேரி என்ற மந்திரவாதி நண்பர்களுக்குத் துரோகம் செய்து டென்சரைக் கொல்கிறார். ராப் குன்ட்ஸ் ஆடிய ராபிலார் என்ற வீரர் அந்தத் துரோகத்துக்குத் துணைபோகிறார். ரேரியும் பிரையன் புளூம் என்ற ஆட்டக்காரரின் பாத்திரம்தான். மேசையில் உட்கார்ந்து அந்தப் பாத்திரங்களை வளர்த்தவர்கள் எடுக்காத முடிவுகளை, அந்த மேசையில் அமர்ந்திராத எழுத்தாளர்கள் எடுத்தார்கள். இதைச் சட்டப்படி யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் படிக்கும்போது எனக்கு இன்றும் உறுத்துகிறது. டென்சரைப் பிற்பாடு ஒரு சாகச நூலில் உயிர்ப்பித்தார்கள். 2007இல் வந்த இன்னொரு நூல், துரோகத்துக்குத் துணைபோனவர் ராபிலாரே அல்லர், வேறோர் உலகத்திலிருந்து வந்த அவருடைய மறுபிரதி என்று விளக்கிவிட்டது. நீங்கள் வாட்ஸ்அப்பில் முடித்ததை அவர்கள் முடிக்கப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இதற்கு நேர்மாறான உதாரணம் முர்லிண்ட். 1973இல் கைகாக்ஸுடன் சேர்ந்து டிஎஸ்ஆரைத் தொடங்கிய டான் கே, 1975 ஜனவரியில் மாரடைப்பால் இறந்துபோனார். அவர் ஆடிய முர்லிண்டை, இடுப்பில் இரண்டு துப்பாக்கிகளுடன் திரியும் ஒரு குறுந்தெய்வமாக டிராகன் இதழின் 1983 மார்ச் வெளியீட்டில் கைகாக்ஸ் எழுதினார். வாளும் மந்திரமும் மட்டும் உள்ள உலகில் துப்பாக்கி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, கௌபாய்க் கதைகளின் மீது டான் கே கொண்டிருந்த பிரியமே விடை. எங்கள் குழுவில் ஒருவர் காலமானபோது, அவருடைய ரேஞ்சரை (காடுமலை அறிந்த வீரரை) இனி யாரும் பேசவைப்பதில்லை என்றும், அவர் வழிகண்ட மலைக்கணவாய்க்கு அந்த ரேஞ்சரின் பெயரையே வரைபடத்தில் எழுதுவது என்றும் முடிவுசெய்தோம். பனிக்காலத்தில் அந்தக் கணவாய் மூடுவதில்லை என்பதும் எங்கள் உலகின் விதி.

சங்கத்துத் திருடன்:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். படிப்புக்காக விலகிப் பிறகு திரும்பிவந்தபோது, நான் ஆடிய திருடன் நகரத்துத் திருடர் சங்கத்துக்கே தலைவனாகி, கடைக்காரர்களிடம் மாமூல் வசூலித்துக்கொண்டிருந்தான். கிரேஹாக்வாசி இதைக் கேட்டால் முகம் சுளிப்பார். எனக்கோ பெருமையாக இருந்தது, ஏனென்றால் அவனுடைய பேராசையை டிஎம் துளியும் மாற்றாமல் வைத்திருந்தார். அவனை எதிர்கொள்ளும் அமர்வில் வில்லனாக என்னையே ஆடச் சொன்னார்கள்.

டிஎம்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பழைய பாத்திரத் தாளை (பாத்திரத்தின் திறன்களும் எண்களும் எழுதியது) அப்படியே எதிரியாக இறக்காதீர்கள். ஆட்டக்காரரின் பாத்திரம் தாக்கும் வலிமைக்கு ஏற்ற உயிர்ப்புள்ளிகள் (அடி தாங்கும் அளவு) அதற்கு இருப்பதில்லை. நாலு பேர் சுற்றி நின்றால் இரண்டாம் சுற்றுக்குள் விழுந்துவிடும், விழாவிட்டால் அதற்குள் உங்கள் மந்திரவாதியைச் சாய்த்துவிடும். அதில் பாதித் திறன்களைப் பயன்படுத்த உங்களுக்கு நினைவும் இருக்காது. எங்கள் டிஎம், எதிரிகளின் விவர நூலான 2014 மான்ஸ்டர் மேனுவலில் உள்ள அசாசினை (கொலையாளியை) எடுத்துக்கொண்டார். அதற்கு 78 உயிர்ப்புள்ளிகள், எதிரியின் கடுமையைக் காட்டும் சவால் மதிப்பு 8. அதன்மேல் என் திருடனுடைய பெயரையும் அவனது பழைய குத்துவாளையும் ஏற்றினார். மேசையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நிலவறைப் புதியவர்:

எங்கள் டிஎம் தொடக்க அமர்விலேயே இதைக் கேட்டுவிடுகிறார்: நீங்கள் விலகினால் உங்கள் பாத்திரம் வாழலாமா, சாகலாமா, கெட்டவராகலாமா? மூன்றுக்கும் விடையைத் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தரவேண்டும். என்னுடைய பார்டு (பாட்டால் மந்திரம் செய்யும் பாணன்) எப்படிச் செத்தாலும் சரி, திருமணம் மட்டும் செய்துவைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறேன்.

இருபதுமுகப் பகடை:

அந்தப் பின்பக்க வழக்கத்தை அடுத்த அமர்விலிருந்து நானும் எடுத்துக்கொள்கிறேன். இதற்கிடையில் புதிதாக வந்த ஒருவர், கப்பலேறிய அந்தக் கிளெரிக்கையே தான் ஆட விரும்புவதாகக் கேட்டார். தாளைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்தக் கிளெரிக்கிடம் மருத்துவம் கற்ற சீடராக ஒரு பாத்திரம் உருவாக்கச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியரைப் பற்றிச் சீடர் என்னென்ன சொல்லலாம் என்பதை விலகிச் சென்ற நண்பர் எழுதி அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். அதில் பாதி பொய்யாக இருக்கும் என்று இப்போதே எச்சரித்தும் இருக்கிறார்.