கான்கார்டை நிறுத்தியது விபத்தா, கணக்கா? அது குமரிமுனைக்குத் தெற்கே பறந்தது உண்மையா?

வடசேரி வாத்தியார் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஒலியின் வேகம் பற்றிய பாடத்தில், ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டு பயணிகள் விமானத்தைச் சொல்லப் போக, மாணவர்களைவிட என் வீட்டுக்காரர்கள்தாம் அதை அதிகமாகப் பிடித்துக்கொண்டார்கள். 1977-இல் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் போன மனிதன் இன்று ஏழெட்டு மணி நேரம் கால் மடக்கி உட்கார்ந்து போகிறானே, இதற்குப் பெயர் முன்னேற்றமா என்று தாய்மாமா கேட்கிறார். அரசாங்கப் பணத்தில் செய்து பணக்காரர்கள் அனுபவித்த விளையாட்டுப் பொருள், அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை என்கிறான் தம்பி.

எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. 2000-ஆம் ஆண்டு பாரிசில் நடந்த விபத்துதான் கான்கார்டை நிறுத்தியது என்று பலரும் எழுதுகிறார்கள். விபத்துக்குப் பிறகும் அது பறந்திருக்கிறது என்னும்போது அந்த விளக்கம் போதுமானதா? அடுத்து, எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூர் சென்ற கான்கார்டு நம் குமரிமுனைக்குத் தெற்கே கடல்மேல் பறந்ததாகவும், ஒலியை மிஞ்சிப் பறக்கும்போது எழும் அதன் முழக்கத்தைக் கன்னியாகுமரிக் கரையில் நின்று தாம் கேட்டதாகவும் மாமா உறுதியாகச் சொல்கிறார். முன்பாதி நடந்திருக்கக்கூடியது, பின்பாதியை வகுப்பில் சொல்வதற்கு முன்னால் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட விரும்புகிறேன்.

பழைய பஹ்ரைன்காரன் (பதில்)

வாத்தியார் சார், என் ஓட்டு உங்கள் மாமாவுக்கே. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து 1978-இல் பஹ்ரைனுக்குப் போய், ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். கான்கார்டின் பயணிகள் சேவை 1976 ஜனவரி 21 அன்று தொடங்கியபோது லண்டனிலிருந்து கிளம்பிய விமானம் வந்து இறங்கிய ஊர் பஹ்ரைன்தான் என்பது இப்போது பலருக்குத் தெரியாது. அதே நேரத்தில் பாரிசிலிருந்து கிளம்பியது டக்கார் வழியாக ரியோ டி ஜெனிரோவுக்குப் போனது. நியூயார்க் அதற்கு இடம் கொடுத்தது நீதிமன்ற வழக்கெல்லாம் முடிந்து 1977 நவம்பரில்தான். நியூயார்க்காரர் பார்ப்பதற்கு முன்பே பஹ்ரைனில் கூலி வேலை பார்த்த குழித்துறைக்காரன் அதைப் பார்த்துவிட்டான்.

பஹ்ரைன் விமான நிலையம் இருக்கும் முஹராக் தீவில் அது இறங்குவதைப் பார்த்தால் ஒரு நாரை தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரில் கால் வைப்பது போலிருக்கும். முக்கோண இறக்கை கொண்ட விமானம் மெதுவாகப் பறக்க வேண்டுமானால் முகத்தை நன்றாகத் தூக்கித்தான் பறக்க வேண்டும், அப்போது விமானிக்கு ஓடுபாதை தெரியாது, அதனால் மூக்கைக் கீழே மடக்கும்படி செய்திருக்கிறார்கள் என்று பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கிளம்பும்போது நான்கு ஒலிம்பஸ் எஞ்சின்களும் ஆஃப்டர்பர்னரோடு (கூடுதல் உந்துதலுக்காக எஞ்சினின் பின்பகுதியில் மேலும் எரிபொருளை எரிக்கும் அமைப்பு) எரியும் சத்தத்தில் எங்கள் கேம்பின் தகரக் கூரை அதிரும். சிங்கப்பூர் தடத்தில் ஓடிய விமானத்துக்கு இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணமும் வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணமும் பூசியிருந்ததால், இரண்டு பக்கமும் பார்க்காதவன் அது எந்த நாட்டு விமானம் என்று சாயங்காலம் வரை சண்டை போடுவான்.

கணினி வளராத 1960-களில் கையால் வரைந்து செய்த விமானம் அது. 18 கிலோமீட்டர் உயரத்தில், ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில், கோட்டு சூட்டோடு நூறு பேரை உட்கார வைத்துச் சோறு போட்டது. காற்று உரசி மூக்கின் முனை நீர் கொதிக்கும் வெப்பத்தைத் தாண்டும். சூட்டில் உடல் நீண்டு, ஃப்ளைட் எஞ்சினியரின் பலகைக்கும் அடுத்த சுவருக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். கடைசிப் பயணங்களில் சில எஞ்சினியர்கள் தங்கள் தொப்பியை அந்த இடைவெளியில் செருகி வைத்தார்கள். குளிர்ந்ததும் உலோகம் சுருங்கி, தொப்பி அங்கேயே சிக்கிக்கொண்டது. டிக்கெட் வாங்க வக்கில்லாதவன் இதையெல்லாம் ரசிக்கக் கூடாது என்று உங்கள் தம்பி சொல்வாரா?

தக்கலை எஞ்சினியர் (பதில்)

அண்ணாச்சி சொன்ன அழகில் எனக்கு மறுப்பில்லை. விமான எஞ்சின் பராமரிப்புத் துறையில் பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். அந்த எஞ்சினின் காற்று நுழைவாய் ஒன்றைப் பற்றியே ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். ஆனால் கேள்வி, அதை நிறுத்தியது எது என்பது. என் கருத்தில், கான்கார்டின் விதி 2000-இல் அல்ல, 1973-லேயே எழுதப்பட்டுவிட்டது.

பிரிட்டனும் பிரான்சும் 1962 நவம்பரில் ஒப்பந்தம் போட்டுத் தொடங்கிய திட்டம் இது. உலகின் பெரிய விமான நிறுவனங்கள் பலவும் வாங்குவதாக விருப்பம் பதிவு செய்திருந்தன. நம் ஏர் இந்தியாவும் இரண்டுக்குப் பதிந்திருந்தது. 1973 ஜனவரியில் பான் ஆம், டிடபிள்யூஏ ஆகிய இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் விலகியதும் மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றன. அதே ஆண்டு அமெரிக்கா தன் நிலப்பரப்பின் மேல் பயணிகள் விமானங்கள் ஒலியை மிஞ்சிப் பறப்பதைத் தடை செய்தது. ஆண்டு முடிவதற்குள் எண்ணெய் விலையும் ஏறியது. மொத்தம் 20 விமானங்கள் செய்தார்கள், சேவைக்கு வந்தவை 14, அவையும் அந்த இரண்டு நாடுகளின் சொந்த நிறுவனங்களுக்கே ஏழேழாகப் போயின. வெளியே ஒரு நாடும் வாங்காத பொருளைச் சந்தை ஏற்றுக்கொண்டது என்று எப்படிச் சொல்வது?

கான்கார்டு முதன்முதலாகப் பறந்தது 1969 மார்ச் 2. போயிங் 747 பறந்தது அதே ஆண்டு பிப்ரவரி 9. மூன்று வார இடைவெளியில் வந்த இந்த இரண்டில் ஒன்று வேகத்தையும் மற்றொன்று இருக்கைகளின் எண்ணிக்கையையும் நம்பி வந்தது. ஏறக்குறைய 95 டன் எரிபொருள் கொள்ளும் கான்கார்டில் ஏறியவர்கள் நூறு பேர். 747-இல் முந்நூற்றைம்பது, நானூறு பேர் ஏறினார்கள். வளைகுடாவுக்கு நம் மாவட்டத்திலிருந்து வீட்டுக்கு ஒருவர் போக முடிந்தது இந்த இரண்டாவது கணக்கினால்தான். இன்றும் கான்கார்டு ஓடியிருந்தால் திருவனந்தபுரத்தில் யாரும் அதில் ஏறியிருக்க மாட்டார்கள்.

விபத்துக்கு வருகிறேன். 2000 ஜூலை 25 அன்று பாரிசில், முன்னால் கிளம்பிய வேறொரு விமானத்திலிருந்து விழுந்து கிடந்த உலோகப் பட்டை கான்கார்டின் டயரைக் கிழித்தது. டயர்த் துண்டு இறக்கையின் அடிப்பக்கத்தில் மோதிய அதிர்ச்சியில் எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பற்றியது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் 4 பேரும் இறந்தார்கள். இதை வெறும் கெட்ட நேரம் என்று தள்ளிவிட முடியாது. கிளம்பும்போது மணிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகம் வரை தரையில் ஓட வேண்டிய விமானம் அது; 1979-லேயே வாஷிங்டனில் டயர் வெடித்துத் தொட்டியில் ஓட்டை விழுந்திருக்கிறது. எச்சரிக்கை இருபத்தொரு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது.

ஆனாலும் வாத்தியார் சார் சந்தேகப்பட்டது சரிதான். தொட்டிகளுக்குக் கெவ்லார் என்ற வலுவான இழையாலான உள்ளுறையும் புதிய வகை டயரும் போட்டு, 2001 நவம்பர் 7 அன்று பயணிகளோடு மறுபடியும் பறந்தது. அதற்கு முன் தன் ஊழியர்களை ஏற்றி பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஓர் ஒத்திகைப் பயணம் நடத்திய நாள் செப்டம்பர் 11 என்பதைக் கவனியுங்கள். அந்த நாளுக்குப் பிறகு நியூயார்க்குக்கு அவ்வளவு பணம் கொடுத்துப் போகிறவர்கள் குறைந்தார்கள், கான்கார்டைச் செய்த நிறுவனங்களின் வாரிசான ஏர்பஸ் பராமரிப்பு ஆதரவை நிறுத்த முடிவு செய்தது, 2003 ஏப்ரல் 10 அன்று இரண்டு நிறுவனங்களும் ஓய்வை அறிவித்தன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதில் லாபம் பார்த்தது என்பது உண்மை. உருவாக்கிய செலவை முழுக்க வரி கட்டியவர்கள் தலையில் வைத்துவிட்டு, ஓட்டிய செலவை மட்டும் கழித்துப் பார்த்த லாபம் அது.

இனி மாமாவின் முழக்கம். சிங்கப்பூர் சேவை 1977 டிசம்பரில் தொடங்கி, மலேசியா எதிர்த்ததால் மூன்றே நடைகளில் நின்று, 1979 ஜனவரியில் மறுபடி தொடங்கி 1980 நவம்பரில் முடிந்தது; ஆக, அவர் சொல்லும் காலம் பொருந்துகிறது. உருண்டையான பூமிக் கோளத்தில் பஹ்ரைனிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது நம் தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டும். இந்தியா தன் நிலத்தின் மேல் ஒலியை மிஞ்சிப் பறக்க விடவில்லை. வேகத்தைக் குறைக்காமல் போக வேண்டுமென்றால் தெற்கே கடல் வழியாகச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

சத்தம் கேட்குமா என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு மைல் அகலம் என்ற அளவில் அந்த முழக்கம் கீழே பரவும். ஐம்பதாயிரம் அடி உயரத்தில் போனால் பாதைக்கு இருபுறமும் சுமார் 40 கிலோமீட்டர் வரை கேட்கலாம். அனுமதி மறுத்த நாட்டின் கரையை அவ்வளவு ஒட்டிப் போக விமானிக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் மேல் வளிமண்டலத்தில் வளைந்து திரும்பும் ஒலி தொலைவில் இடி உருளுவது போன்ற மெல்லிய உறுமலாக இறங்குவதும் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஜன்னல் அதிர்ந்தது என்று மாமா சொன்னால் கல்குவாரி வெடியாக இருக்கும். தூரத்தில் உறுமியது என்றால் நான் வாதாட மாட்டேன்.

தூத்தூர் கடலோடி (பதில்)

எஞ்சினியர் தம்பி கணக்கை நன்றாக விளக்கினார். அதில் ஒரு சொல் எனக்கு உறுத்துகிறது. நிலத்தின் மேல் கூடாது, கடல் வழியாகப் போகலாம் என்று எல்லா நாடுகளும் முடிவு செய்தபோது, கடலில் ஆளே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். குமரிமுனைக்குத் தெற்கே இருக்கும் வெட்ஜ் பேங்க் மீன்களுக்குப் பேர்போன இடம். எங்கள் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் விசைப்படகுகள் அரபிக் கடலின் ஆழத்தில் வாரக்கணக்கில் கிடக்கின்றன. பாதைக்கு இருபுறமும் நாற்பது கிலோமீட்டர் வரை முழக்கம் விழும் என்றால் அது எங்கள் தலையில்தானே விழுந்திருக்கும்?

1964-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தின் மேல் போர் விமானங்களை விட்டு ஆறு மாதத்தில் 1,253 முறை முழக்கி, அந்த ஊர் மக்களால் இதோடு வாழ முடியுமா என்று கேட்டுப் பார்த்தார்கள். நாலில் ஒருவருக்கு மேல் முடியாது என்றார்கள். அந்த வெறுப்பும் பின்னாளில் வந்த தடைக்குப் பின்னால் இருந்தது. கடலில் இருப்பவனிடம் அப்படி ஒரு கேள்வியை எந்த நாடும் கேட்டதாக நான் படித்ததில்லை. படகு கவிழும் சத்தம் அல்ல என்று தெரியும். என்னிடம் கேட்டார்களா என்பதுதான் என் வழக்கு.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் கரையில் நின்றவர்கள் வானத்தைப் பார்த்து வேண்டியது தாழ்வாக, மெதுவாகப் பறந்து கடலைத் துழாவும் விமானத்தை. பணத்தையும் மூளையையும் எதில் போடுவது என்று கேட்டால் என் பதில் அதுவாகவே இருக்கும்.

பழைய பஹ்ரைன்காரன் (பதில்)

தூத்தூர்த் தம்பி சொன்ன நியாயத்துக்கு என்னிடம் மறுமொழி கிடையாது. எஞ்சினியரிடம் ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. கணக்குத்தான் காரணம் என்றால், போட்டி விமான நிறுவனமான விர்ஜின் அட்லாண்டிக்கின் ரிச்சர்ட் பிரான்சன் விலைக்குக் கேட்டபோது பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஏன் கொடுக்கவில்லை? நஷ்டம் வரும் பொருளை அடுத்தவன் கேட்டால் தந்துவிட்டுப் போக வேண்டியதுதானே? திருவிழாக்களில் பறந்து காட்டவாவது ஒன்றை உயிரோடு வைத்திருக்கலாம். எல்லாவற்றையும் அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டார்கள். கடைசியாகப் பறந்தது 2003 நவம்பர் 26 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே உள்ள ஃபில்டனுக்குப் போனதுதான். என் கோபமெல்லாம் அதில்தான்.

தக்கலை எஞ்சினியர் (பதில்)

அண்ணாச்சி, போட்டிக்காரனிடம் தன் பெருமையை விற்க எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது; அந்தக் குறையை நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் விற்றிருந்தாலும் பறந்திருக்காது. வடிவமைத்த நிறுவனம் பொறுப்பேற்று உதிரிபாகங்களும் ஆய்வுக் குறிப்புகளும் தந்தால்தான் பயணிகள் விமானத்துக்குப் பறக்கும் தகுதிச் சான்று நிலைக்கும். ஏர்பஸ் கையை எடுத்த பிறகு யார் வாங்கியிருந்தாலும் அதை நிறுத்தித்தான் வைத்திருக்க வேண்டும்.

தூத்தூர் அண்ணனுக்கு: 2025 ஜனவரி 28 அன்று பூம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் எக்ஸ்பி-1 என்ற சோதனை விமானம் கலிபோர்னியாவில் ஒலியின் வேகத்தைத் தாண்டியது, முழக்கம் தரைக்கு எட்டாத உயரமும் வேகமும் எவை என்று பார்த்தார்கள். அப்படிப் பறக்கும் வேகம் ஒலியைச் சற்றே மிஞ்சியதுதான், கான்கார்டு பறந்ததைப் போல ஒலியின் இரண்டு மடங்கு அல்ல. சத்தமில்லாத சலுகை நிலத்துக்கு மட்டும், கடலுக்கு வந்ததும் முழு வேகம் என்றுதான் அந்த நிறுவனமும் திட்டமிடுகிறது. ஆகவே உங்கள் கேள்வி இன்னும் யாரும் பதில் சொல்லாத கேள்வியாகவே நிற்கிறது.

வடசேரி வாத்தியார் (பதில்)

எல்லோருக்கும் நன்றி. பஹ்ரைன்–சிங்கப்பூர் நூலை உலக உருண்டையில் மாணவர்களே பிடித்துப் பார்க்கட்டும். 40 கிலோமீட்டர் கணக்கையும் கரும்பலகையில் அவர்களே போடட்டும். கடலில் இருப்பவரிடம் கேட்டார்களா என்பதையும் வகுப்பில் வைக்கப் போகிறேன், என் மாணவர்களில் பாதிப் பேர் கடற்கரை ஊர்க்காரர்கள். மாமாவிடம் ஜன்னலா உறுமலா என்று கேட்டேன். உறுமல்தான் என்கிறார், எஞ்சினியர் எழுதியதை நான் படித்துக் காட்டிய பிறகு.

இன்னொரு விவரம் வேண்டும். அக்கா மகன் ஜெர்மனியில் படிக்கிறான். கான்கார்டைப் பக்கத்தில் போய்ப் பார்க்க அங்கே இடம் உண்டா?

தக்கலை எஞ்சினியர் (பதில்)

சின்ஸ்ஹைம் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்லுங்கள் சார். அங்கே கூரைமேல் கான்கார்டும், அதற்கு இரண்டு மாதம் முன்பே 1968 டிசம்பர் 31 அன்று முதலில் பறந்த சோவியத் நாட்டின் டியூ-144 என்ற, ஒலியை மிஞ்சும் பயணிகள் விமான வகையில் ஒன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன; இரண்டுக்குள்ளும் ஏறிப் பார்க்கலாம். கான்கார்டின் ஜன்னல் எவ்வளவு சிறியது என்று கையை வைத்து அளந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், காற்றழுத்தப் பாடத்துக்கு ஆகும்.