கைமாறிய மோட்டார்ஹோம்: பெட்ரோலா, டீசலா? பின்னால் காரும் வர வேண்டும்

வழிப்போக்கன்:
நாங்கள் இருவர். வருடத்தில் பாதியைச் சாலையில் கழிக்க உத்தேசம். அமெரிக்கத் தயாரிப்பு மோட்டார்ஹோம் (உள்ளேயே வீடு அமைந்த வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கி, பின்னால் எங்கள் காரையும் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும். காரின் எடை 1,700 கிலோ. மலைப்பாதைகளும் உண்டு. இரண்டு வண்டிகளைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒன்று 2005ஆம் வருடத்து ஃபோர்டு எஃப்53 சேஸிஸ் (அடிச்சட்டம்), பெட்ரோல். மற்றது 2003ஆம் வருடத்து டீசல், எஞ்சின் பின்னால் இருக்கிறது. எதை எடுப்பது என்று வீட்டில் வழக்கு ஓடுகிறது.

பத்துச்சக்கரம்:
இதில் வழக்குக்கு என்ன இருக்கிறது? டீசல்தான். அந்த எஃப்53-இல் உள்ள ஃபோர்டின் 6.8 லிட்டர் வி10 பெட்ரோல் எஞ்சினுக்கு முறுக்குவிசை 425 பவுண்டு-அடி. 2006க்குப் பிறகு வந்த மூன்று வால்வு எஞ்சினுக்கு 457. கம்மின்ஸ் கம்பெனியின் ஐஎஸ்எல் 400 குதிரைத்திறன் டீசல் எஞ்சினுக்கு 1,200. ஏற்றத்தில் டீசல் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் முனகாமல் ஏறும். வி10 நான்காயிரம் சுற்றைத் தொட்டு அலறும், அதுவும் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில். இறக்கத்தில், புகைபோக்கியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வேறு கைகொடுக்கும். காரை இழுத்துக்கொண்டு மலை இறங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கைக்கணக்கு:
1,200 என்ற எண்ணை எடுத்து வீசுவதற்கு முன் ஒன்று சொல்லியிருக்க வேண்டும், நண்பரே. அந்த ஐஎஸ்எல் பெரிய, நீளமான வண்டிகளில் வருவது. இவர் பார்த்து வைத்திருப்பது 2003. அதில் கம்மின்ஸின் சிறிய எஞ்சினான 5.9 லிட்டர் ஐஎஸ்பி இருந்தால், 300 குதிரைத்திறனும் 660 பவுண்டு-அடியும்தான். வி10-ஐவிட அதிகம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் காட்டிய மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் அதில் இல்லை.

செலவையும் பேசுவோம். ஆயில் மாற்றினால் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆயில். ஏர் பிரேக்குக்குக் காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர், எரிபொருள் ஃபில்டர்கள் இரண்டு, கூலன்ட்டில் தனி வேதிப்பொருள் கணக்கு. வி10-ஐப் பிரித்து வேலை பார்க்கத் தெரிந்த மெக்கானிக் வழியெங்கும் கிடைப்பார்.

பத்துச்சக்கரம்:
கிடைப்பார். தேவையும் படுவார். ஆரம்ப வருடங்களின் வி10-இல் ஸ்பார்க் பிளக்கைப் பிடிக்கும் மரை மிகக் குறைவு. பிளக் எஞ்சின் தலையைவிட்டுத் தெறித்து வெளியே வந்த கதைகள் கொஞ்சமா நஞ்சமா?

கைக்கணக்கு:
உங்கள் பக்கமும் சுத்தம் இல்லை. தொண்ணூறுகளின் இறுதியில் இருந்து 2001 வரை வந்த 5.9 டீசல்களில், பிளாக்கின் பக்கவாட்டில் '53' என்று வார்க்கப்பட்டிருந்தால் அது விரிசல் விடுவதற்குப் பேர் போனது. 2007 முதல் புகைவடிகட்டி வந்தது. 2010 முதல் புகையைச் சுத்தமாக்கும் யூரியா திரவமும் சேர்ந்தது. அதன் சென்சார் கெட்டால் எஞ்சின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு நடைவேகத்துக்கு வந்துவிடும்.

பத்துச்சக்கரம்:
அதனால்தான் 2003 நல்ல வருடம் என்கிறேன். '53' முடிந்துவிட்டது, புகைவடிகட்டி இன்னும் வரவில்லை.

ஒன்றை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லமாட்டார்கள். வழிப்போக்கன் அவர்களே, ரேடியேட்டர் பக்கவாட்டில் இருக்கிறதா, நேர் பின்னாலா என்று பாருங்கள். பின்னால் என்றால் டார்ச்சோடு வண்டிக்கடியில் படுங்கள். எஞ்சினின் மூச்சுக்குழாய் ஃபேனுக்கு முன்னால் சொட்டும். அந்த ஆயிலை ஃபேன் வாரி அடிக்க, சாலைத் தூசி அதில் ஒட்டும். ரேடியேட்டருக்கும் அதை ஒட்டி, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவே கறுப்பாகப் பிசுபிசுவென்று படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தகடுகள் பளிச்சென்றுதான் தெரியும். அப்படிப் படிந்த வண்டி சமவெளியில் நன்றாக ஓடிக் காட்டும், முதல் நீண்ட ஏற்றத்தில் கொதிக்கும். ஓட்டிப் பார்ப்பதென்றால் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்.

இழுவைக்கு வருவோம். கைக்கணக்கு என்று பெயர் வைத்துக்கொண்டவர் இந்தக் கணக்கைத் தொடவே இல்லையே? எஃப்53-இல் வண்டியின் எடை வரம்பு 22,000 பவுண்டு என்றால், காரோடு சேர்த்த மொத்த வரம்பு 26,000. ஹிட்ச்சில் (காரைக் கட்டும் கொக்கியில்) 5,000 என்று பொறித்திருக்கும். வண்டியை முழுதாக ஏற்றிவிட்டால் மிச்சம் 4,000தான். ஹிட்ச்சின் எண்ணைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். பெரிய டீசல்களின் ஹிட்ச் 10,000 பவுண்டு தாங்கும்.

கைக்கணக்கு:
தொடுகிறேன். 1,700 கிலோ என்பது ஏறக்குறைய 3,750 பவுண்டு. 4,000-க்குள் அடங்குகிறது. போதாது என்றால் 24,000 வரம்புள்ள எஃப்53-ஐத் தேடட்டும். அதன் மொத்த வரம்பு 30,000. சிறிய டீசல்களிலும் 5,000 ஹிட்ச் உண்டு என்பதை ஏன் மறைக்கிறீர்கள்?

ஓட்டுக்கூரை:
எஞ்சின், எஞ்சின் என்று இருவரும் மல்லுக்கு நிற்கிறீர்கள். இருபது வருட மோட்டார்ஹோமை எஞ்சினா கொல்கிறது? மழைநீர் கொல்கிறது. இரண்டு எஞ்சினும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வண்டியின் வீட்டுப் பகுதியைவிட அதிக நாள் உழைக்கும்.

முன்பக்கத் தலைப்பகுதி கூரையோடு சேரும் இடத்தில் சின்ன அடையாள விளக்குகள் வரிசையாக இருக்கும். அவற்றின் திருகு ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் முதலில் இறங்கும். உள்ளே டிரைவர் தலைக்கு மேலுள்ள அலமாரியைத் திறந்து, பின்மூலையில் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் பலகை உளுத்துவிட்டது. பிறகு வெளியே வந்து, வெயில் சாய்ந்த நேரத்தில் பக்கச் சுவரோடு கண்ணை ஒட்டி வைத்துப் பாருங்கள். ஃபைபர் தகடு பலகையைவிட்டுப் பிரிந்த இடம் கொப்புளமாகத் தெரியும். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

டயரையும் விடாதீர்கள். பக்கவாட்டு எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கங்கள்: 2713 என்றால் 2013ஆம் வருடத்தின் 27ஆவது வாரம். பூ தேயாமல் இருக்கலாம், ரப்பர் கிழமாகியிருக்கும். தேதியோடு கூடிய முழு எழுத்து டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அது உள்பக்கம் திரும்பியிருந்தால் குனிந்துதான் படிக்க வேண்டும்.

வழிப்போக்கன்:
நேற்று இரண்டையும் மறுபடி பார்த்தோம். பெட்ரோல் வண்டி 22,000 / 26,000. சுவரும் கூரையும் கெட்டியாக இருக்கின்றன. டீசலுக்கு ரேடியேட்டர் பக்கவாட்டில், சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஓட்டுக்கூரை சொன்ன அதே மூலையில் விரல் அமுங்குகிறது.

பத்துச்சக்கரம்:
ஒரு மூலைதானே? பிரித்துப் பலகை மாற்றலாம். அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஓட்டுக்கூரை:
விரலுக்குத் தெரிவது ஒரு மூலை. பிரித்த பிறகுதான் அது எங்கே முடிகிறது என்று தெரியும். ஈரமானியை வைத்துச் சுவர் முழுக்க அளந்து, ஈரம் அந்த ஒரு முழத்தோடு நின்றிருந்தால் பேசுங்கள். இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கைக்கணக்கு:
ஆக, பெட்ரோல். எல்லாரும் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டோம். கார் எப்படிப்பட்டது? நான்கு சக்கரமும் தரையில் உருளக் கட்டி இழுக்கப் போகிறீர்களா?

வழிப்போக்கன்:
ஆமாம், அப்படித்தான் உத்தேசம். முன்சக்கர இயக்கம், சிவிடி (படிப்படியான கியர் இல்லாத) ஆட்டோமேட்டிக்.

கைக்கணக்கு:
முதலில் காரின் கையேட்டைத் திறங்கள். பல சிவிடி கார்களை அப்படி இழுக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார். எஞ்சின் அணைந்திருக்கும்போது கியர்பெட்டிக்குள் ஆயில் சுற்றாது. சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே வெந்துவிடும். அப்படியானால் முன்சக்கரங்களைத் தூக்கி வைக்கும் டாலி வேண்டும். பிரேக் உள்ள டாலியாகப் பாருங்கள். அதன் எடை 300 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,000 கிலோ, அதாவது 4,400 பவுண்டு.

பத்துச்சக்கரம்:
மிச்சம் இருப்பதோ 4,000. உங்கள் பெட்ரோல் வண்டி அடிபட்டுப் போயிற்று, ஐயா.

கைக்கணக்கு:
மோட்டார்ஹோமில் 400 பவுண்டு குறைவாக ஏற்றினால் அடிபடாது. தண்ணீர்த் தொட்டியில் 200 லிட்டரைக் குறைத்தாலே 440 பவுண்டு மிச்சம். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் எடைமேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு இவர்களுக்குப் பொறுமை உண்டா என்பது எனக்குத் தெரியாது.

வழிப்போக்கன்:
கையேட்டைப் பார்த்தேன். நான்கு சக்கரத்தில் இழுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது.

ஓட்டுக்கூரை:
அப்படியானால் காரை மாற்றுங்கள். நான்கு சக்கரத்தில் இழுக்கலாம் என்று கையேட்டில் உள்ள, 1,300 கிலோவைத் தாண்டாத மேனுவல் கியர் கார் ஒன்று கிடைத்தால், கெட்டியான சுவருள்ள அந்த 2005 போதும். காருக்குத் துணைப் பிரேக் பொருத்த மறக்காதீர்கள். கட்டிய நிலையில் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது என்பதையும் ஓட்டப்போகும் இருவரும் தெரிந்துகொள்ளுங்கள்.